சலங்கைப் பாட்டும் இரண்டு பெட்டிகளும்

புதுக் கிளையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கடையிலிருந்து கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் விற்கப் போகிற உங்களிடம் ஸ்பீக்கரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வாட்ஸ் எத்தனை, வூஃபர் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் பெட்டியின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. வாங்க வருகிறவரின் தலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறதே, அதைப் பற்றி எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை. அதைப் பார்க்கத் தெரியாமல் இந்தத் தொழிலில் வயிறு வளர்க்கலாம். ஆனால் நல்ல வியாபாரி ஆக முடியாது.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி பஜாரில். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தச் சில வருடங்களில் எல்லோருக்கும் ஹோம் தியேட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து ஸ்பீக்கர், அது போதாது என்று கட்டிலுக்கு அடியில் அதிர்வுக்கென்று ஒரு சப்வூஃபர். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் இரண்டே இரண்டு சின்னப் பெட்டி போதும், நல்ல பெட்டியாக இருந்தால் போதும் என்று சொல்லி விற்ற ஒரே மனிதர் எங்கள் முதலாளி. பழவேற்காட்டுக் குடும்பம். அப்பா காலத்தில் கருவாடும் ஜவுளியும். இவர் ஒருவர்தான் பாட்டுப் பெட்டி என்று கிளம்பி வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், ஆனாலும் முதலாளி. பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார் என்பதால் பாய் என்றே எழுதுகிறேன். அவர் என்னை அண்ணே என்பார்.

கடைக்குப் பின்னால் ஸ்டாக் வைக்கும் அறையில் பாதியை மறித்து ஒரு கேட்கும் அறை கட்டியிருந்தார். தரையில் ஜமக்காளம், சுவரில் கனத்த திரை, நடுவில் நாற்காலிகள். கதவைச் சாத்தினால் ரோட்டில் போகும் டிரெய்லர் லாரியின் சத்தம் உள்ளே வராது. அந்த அறைக்கு அவர் வைத்த முதல் சட்டம் வால்யூம். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட வித்தை உண்டு. எந்த ஜோடியைத் தள்ளிவிட வேண்டுமோ, அதற்கு மாற்றும்போது சத்தத்தைக் கொஞ்சூண்டு கூட்டிவிடுவார்கள். கூட்டியது தெரியாது, ஆனால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மனுஷக் காது அவ்வளவு ஏமாளி. பாய் அதை அடியோடு தடை செய்திருந்தார். எல்லா ஜோடியும் ஒரே அளவுச் சத்தத்தில் பாட வேண்டும், அப்புறம் வாங்குகிறவர் பாடு.

"ஏமாத்தி வித்தா பொட்டி போவும் அண்ணே. ஆளு திரும்ப வரமாட்டான்" என்பார்.

இரண்டாவது சட்டம் மீஞ்சூர் வீடு ஒன்றைப் பார்த்த பிறகு வந்தது. அங்கிருந்து ஒருவர், வாங்கின ஸ்பீக்கர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கிறது என்று பேஜார் பண்ணினார். போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் உண்மையாகவே போர்வைக்குள்தான் இருந்தது. கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் கல்யாணத்துக்கு வந்த பொம்மை, பொம்மைக்கு இரு பக்கமும் எங்கள் ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு மகள் பின்னிப் போட்ட லேஸ் உறை, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடிக் கதவு சாத்தி ஒரு சின்னப் பூட்டு. குழந்தைகள் கை வைத்துவிடுமாம். அன்று பாய் சிரிக்கவில்லை. பெட்டிகளை வெளியே எடுத்து, சுவரை விட்டு நகர்த்தி, உட்காருகிறவர் காது உயரத்துக்கு இரண்டு ஸ்டூலில் வைத்துக் காட்டினார். அந்த மனிதர் முழுப் பாட்டையும் வாயைத் திறக்காமல் கேட்டார். அன்று முதல் எங்கள் கடை வழக்கம் மாறியது. பிடித்த இரண்டு ஜோடியைக் கடையில் தேர்ந்தெடுக்கலாம். கடைசி முடிவு ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில்தான். நானும் பாயும் வேனில் பெட்டிகளோடு போவோம். பாய் கூடத்தின் நடுவில் நின்று பளீரென்று கை தட்டுவார். வெறும் சிமெண்டுச் சுவர் எவ்வளவு எதிரொலிக்கிறது என்று பார்ப்பதற்கு. பிள்ளைகள் ஏதோ வித்தை காட்ட வந்திருக்கிறார் என்று ஓடி வந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

தீபாவளி போனஸ் சமயத்தில் இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில் ஆட்கள் கடைக்கு வருவது ஒரு தனி அழகு. வாங்குவது ஒருவர், தீர்ப்புச் சொல்ல வருவது ஷிஃப்ட் முழுவதும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழுமலை மேஸ்திரி அப்படித்தான் தன் ஆட்கள் ஆறேழு பேரோடு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்பா அம்மா ஏர் பிடித்து, நாற்று நட்ட குடும்பம்; இவர் மில்லில் கூலியாகச் சேர்ந்து, படிப்படியாக ஒரு ஷிஃப்டையே நடத்துகிற மேஸ்திரி ஆனவர். ஆட்களுக்கு அவர் மேல் பயம் கொஞ்சம், பாசம் நிறைய. அவருக்கு அடுத்த கையாக இருந்தவர் பாஸ்கர். முப்பத்தைந்து வயதிருக்கும். மேஸ்திரி எள் என்றால் எண்ணெயாக நிற்பார்.

மேஸ்திரி எங்களிடம் வருவது அது மூன்றாவது தடவை. ஏற்கெனவே இரண்டு ஜோடி மாற்றிவிட்டார். இரண்டு தடவையும் ஞாயிறு வரை பொறுக்க மாட்டேன் என்று கடையிலேயே வாங்கிப் போனவர்.

"பாட்டு புரியல பாய்" என்றார். "எல்லாரும் மூக்கடச்சிக்கினு பாடற மாதிரி இருக்குது. சத்தம் வக்கிறேன், சத்தம்தான் வருது, வார்த்த வரல. நீ குடுத்த பொட்டி ரெண்டும் இப்படியே பூட்ச்சி. இந்த வாட்டி நல்லதா பாத்துக் குடு. சும்மா பாட்டுக்குன்னு இல்ல, ஊட்டுல தெனம் சண்ட."

பாய் மூன்று ஜோடிகளை வரிசையாக வைத்தார். ஒரே சத்தம், ஒரே பாட்டு. பழைய மெட்டு, ஒரு பெண் குரல், இரண்டாவது அடியிலிருந்து பின்னால் சன்னமாக ஒரு சலங்கை. ஸ்பீக்கரைச் சோதிக்க நாங்கள் எப்போதும் வைக்கும் பாட்டு அது. நல்ல பெட்டியில் சலங்கை தனியாக, மணி மணியாக விழும். மட்டமான பெட்டியில் குரலோடு கலந்து கரகரக்கும்.

முதல் ஜோடி இதமானது. ஆட்கள் தலையாட்டினார்கள். மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஜோடி ஒரு காரமான பெட்டி, கூர்மையான சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை, பத்து நிமிஷம் கேட்டால் தலை வலிக்கும். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதான். இதுலதான் கொஞ்சம் வார்த்த தெரியுது."

"அய்ய, வோணாம் மேஸ்திரி" என்றான் ஓரத்தில் நின்ற ஒருவன். "அந்தச் சலங்க காதுல ஊசி வச்சிக் குத்தற மாதிரி கீது."

"சலங்கையா? இன்னா சலங்க? பாட்டுல சலங்க எங்க வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி கலாய்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். பாஸ்கர் மட்டும் உடனே, "அதானே, மேஸ்திரி சொல்றதுதான் சரி. சலங்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். சரியான காக்கா பிடிக்கிற ஆள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஸ்பீக்கர் மூன்றும் சரியாக இருக்கின்றன, முன்னால் கொடுத்த இரண்டும் சரியாகத்தான் இருந்தன. மில் சத்தத்திலேயே இருந்தவருக்கு மேல் ஸ்தாயிச் சத்தம் கேட்காமல் போய்விட்டது. கூர்மையான சத்தம்தான் முதலில் போகும். பேச்சில் வார்த்தையை வார்த்தையாகக் காட்டுவதும் அந்தச் சத்தம்தான். நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் பாய் ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டார்.

"இன்னிக்கி வோல்டேஜ் சரியில்ல மேஸ்திரி. பொட்டி ஒழுங்கா பாட மாட்டேங்குது. நாளைக்கு ஞாயித்துக்கெழம, உங்க ஊட்டுக்கே எடுத்துக்கினு வர்றோம். அக்காவும் கேக்கணும் இல்ல?"

வோல்டேஜுக்கு ஒரு கேடும் இல்லை. சீசன் சனிக்கிழமையில், காசு கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளை வெறுங்கையோடு அனுப்பினார். அவர்கள் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். காது கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயம்தானே என்று கேட்டேன்.

"அத்தன பேரு முன்னாலயா?" என்றார் பாய். "ரோலிங் தளத்துல காது கேக்காதவன வச்சிக்க மாட்டாங்க அண்ணே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். மில் ஆட்கள் கடையில் பேசிப் பேசியே எனக்குப் பாதி மில் தெரியும். பழுக்கக் காய்ந்த கம்பி உருளைகளுக்கு நடுவே ஓடி வரும். எப்போதாவது தடம் மாறி வெளியே சீறும். முதலில் பார்த்தவன் விசில் ஊத வேண்டும், கேட்டவன் எல்லாம் குதித்து விலக வேண்டும். அந்த இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. எல்லோர் கழுத்திலும் ஒரு விசில் தொங்கும். சலங்கை கேட்காதவருக்கு விசில் எப்படிக் கேட்கும்?

பாய்க்கு அது எனக்கு முன்பே தோன்றியிருந்தது.

மறுநாள் காலை நாஷ்டா முடித்த கையோடு போனோம். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய சின்ன வீடு. பாய் கூடத்தில் நின்று வழக்கம் போல் கை தட்டினார். மேஸ்திரியின் மனைவி ராணியம்மா சிரித்தபடி டீ கொண்டு வந்தார். சிரிப்பு இருந்தது, ஆனால் களைத்த முகம்.

"அவரு பாட்டு வச்சார்னா நான் பின்னால துணி தொவைக்கப் பூடுவேன்" என்றார். "அவ்ளோ சத்தம். பக்கத்து ஊட்டுல கூட ஏதோ சொல்றாங்க. கொறைங்கன்னு சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. நான் கூப்புட்டாலும் அப்டித்தான். எதுர்ல வந்து நின்னாத்தான் ஆளு. இத்தன வருசம் குடும்பம் பண்ணிட்டு, இப்ப என் கொரலு கசந்துபோச்சி போலக்கீதுன்னு நெனச்சிக்கினு கீறன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

பாய் இதமான முதல் ஜோடியை எடுத்தார். நாங்கள் வழக்கமாக வைக்கும் தூரத்தில் வைக்கவில்லை. மேஸ்திரியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு ஸ்டூல்களை அவருக்கு வெகு அருகில் போட்டு, பெட்டிகளின் முகத்தை நேராக அவர் காதுகளைப் பார்க்கத் திருப்பினார். கூர்மையான சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி, எதிரில் இருப்பவருக்கு முழுசாக விழும், பக்கவாட்டில் இருப்பவருக்குக் குறைந்துவிடும். ராணியம்மாவை ஓரமாகச் சமையலறை வாசலில் உட்காரச் சொன்னார். பாட்டை வைத்தார், மேஸ்திரி வைக்கும் சத்தத்தில் பாதிகூட இல்லை.

முதல் அடி போனது. இரண்டாவது அடியில் மேஸ்திரியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"இன்னா அது?" என்றார். "பின்னால ஏதோ... மணி மாதிரி."

"அதான் சலங்க" என்றார் ராணியம்மா. "நம்ம கல்யாணம் ஆன புதுசுல ரேடியோல கேப்போமே. எப்பவும் இருக்குமே அது."

மேஸ்திரி பாட்டு முடியும் வரை அசையவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த மூன்று ஜோடியில் எது உசத்தி என்று நான் வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தேன். பாயோ நாற்காலியை எங்கே போடுவது என்று யோசித்திருக்கிறார். அன்று பாய் மேல் எனக்கு வந்த மரியாதை இன்று வரை குறையவில்லை.

மேஸ்திரி லேசுப்பட்ட ஆள் இல்லை. கம்பியின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்கிறவர். பாட்டை மறுபடி வைக்கச் சொன்னார். சலங்கை வந்ததும் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திருப்பினார். நின்றுவிட்டது. நேராகத் திரும்பினார். கேட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். போய்விட்டது. எழுந்து போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார்.

"உனக்கு இங்க கேக்குதா?"

"கேக்குதே."

திரும்பி வந்து உட்கார்ந்தார். "பொட்டி கோளாறு இல்ல பாய்" என்றார் மெதுவாக. "நேத்தே உனக்குத் தெரிஞ்சிபோச்சி, இல்ல?"

பாய் தலையாட்டினார்.

"அப்ப விசிலும் எனக்கு இப்படித்தானா?"

அவரே சொன்னார். கொஞ்ச காலமாகவே தளத்தில் ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் சமாளிக்கிறாராம். எவன் முகம் மாறுகிறதோ, எவன் கால் நகர்கிறதோ, அதைப் பார்த்து விலகுவாராம். மில் இரைச்சல் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ராணியம்மா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கிக் காலைல ஷிஃப்டு" என்றார் மேஸ்திரி. "சொன்னா தளத்த உட்டு எறக்கிடுவாங்க பாய். எனக்கு வேற வேல தெரியாது."

"நான் பொட்டி விக்கறவன் மேஸ்திரி" என்றார் பாய். "உங்க காதப் பத்தி ஊருக்குச் சொல்ல நான் யாரு. ஆனா உங்கள நம்பி அத்தன பசங்க நிக்கறாங்க. நீங்களே யோசிங்க. பொட்டி இங்கயே இருக்கட்டும்."

வேனில் ஏறியதும் எனக்குப் பொறுக்கவில்லை. மில் மேனேஜர் எங்கள் கடை வாடிக்கையாளர், ஒரு போன் போட்டால் போதும், நாளைக்கு ஒரு உயிர் போனால் அந்தப் பாவம் நம்மைச் சேரும் என்றேன். நான் சொன்னதில் தப்பு இல்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம, அவரு தளத்துல இல்ல. யாருக்கும் ஆபத்து இல்ல" என்றார். "காலைல அவரா சொல்றதுக்கு ஒரு நேரம் குடுக்கணும் அண்ணே. ஷிஃப்டு ஏறதுக்கு முன்னால மில் கேட்டாண்ட நானே போய் நிப்பேன். அவரு சொல்லாம உள்ள போனாருன்னா நான் சொல்லிடுவேன். அவரு என்னக் காலத்துக்கும் திட்டட்டும். ஆனா நாம இப்பவே போன் பண்ணிட்டா, அவரு சொல்ல வேண்டியத நாம திருடிக்கினு போன மாதிரி ஆவும்."

கம்பெனி மேலாளர் பயிற்சிகளில் நெருக்கடி நேரத்தில் முடிவெடுப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டுகிறார்களாம். எனக்கு அந்தப் படம் வேண்டாம். வேன் ஓரத்தில் பாய் சொன்ன அந்தக் கணக்கு போதும். எதுவரை பொறுக்கலாம், எதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்று இரண்டையும் ஒரே மூச்சில் முடிவு செய்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் மில் கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் நாங்கள் இருவரும் நின்றோம். கையில் இருந்த டீ ஆறிப்போனது. ஆட்கள் சைக்கிளிலும் நடையிலும் வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி வந்தார். எங்களைப் பார்த்தார். எதற்கு நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். ரோட்டைக் கடந்து நேராக வந்தார்.

"சொல்லிட்டுத்தான் உள்ள போவேன் பாய். ராணிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். "நீங்க டீயக் குடிங்க, ஆறுது பாரு."

தளத்துக்குப் போகும் வழியில் போகாமல் ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தார். கையில் ஒரு ஷிஃப்டையே வைத்திருந்த மனிதர், தன் வாயாலேயே அதை விடப் போகிறார். தோளைத் தொங்கப் போடாமல் நடந்தார். அந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவரைத் தளத்திலிருந்து எடுத்து எடை மேடையில் போட்டார்கள். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற வேலை. வருத்தம் இல்லாமல் இல்லை. காது டாக்டர், போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு தெளியும் என்று சொன்னாராம். பெட்டிகளை அவர் வாங்கிக்கொண்டார், அந்த இதமான ஜோடியைத்தான். ஒருநாள் ராணியம்மா பஜாரில் என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"இப்ப நானும் கூடத்துலயே உக்காந்து பாட்டு கேக்கறன்பா" என்றார். "கொரலு கசந்துபோச்சின்னு நெனச்சனே, அதுக்கு அவரு கையப் புடிச்சி அழுதுட்டேன்."

நல்ல ஸ்பீக்கர் எது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இதைவிடப் பெரிய பதில் இல்லை. ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள், தெரிந்த பாட்டை வையுங்கள், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டில் இருக்கிற எல்லோரும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிற பெட்டிதான் நல்ல பெட்டி.

கதை அதோடு முடியவில்லை. பொங்கல் கழிந்த சமயம் மேஸ்திரி பாய்க்குப் போன் செய்தார். தளத்தில் எல்லோருக்கும் காது பரிசோதனை வைக்கச் சொல்லி ஆபீசில் கேட்டிருக்கிறார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்களாம். ஆட்களோ தாங்களாகப் போக மாட்டேன் என்கிறார்கள். காது போயிற்று என்று தெரிந்தால் மேஸ்திரி கதிதான் என்ற பயம்.

"பசங்களக் கடைக்குக் கூட்டிக்கினு வர்றேன் பாய். பொட்டி காமிக்கிற மாதிரி காமி" என்றாராம்.

வந்தார்கள், அதே ஆட்கள். முன்னால் பாஸ்கர். மேஸ்திரி இடத்துக்கு அவரைத்தான் போட்டிருந்தார்கள். புதுச் சட்டை, புதுப் பொறுப்பு, கொஞ்சம் மிடுக்கு. பழைய மேஸ்திரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டது முதலில் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காக்கா பிடிக்கிற ஆள் பதவி போனவருக்கு நாற்காலி போட மாட்டான் என்று எனக்கு அப்போது லேசாக உறுத்தியது.

எல்லோரையும் கேட்கும் அறையில் உட்கார வைத்தோம். பெட்டிகள் வழக்கமான தூரத்தில் இருந்தன. பாய் விளையாட்டுப் போலச் சொன்னார்.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. கண்ணு தொறந்திருந்தா காது சோம்பேறி ஆயிடும். பாட்டுல சலங்க வரும். கேட்டவங்க கைய அசைக்காம ஒரே ஒரு வெரல மட்டும் தூக்குங்க. பாட்டு முடியற வரைக்கும் கண்ணத் தொறக்கக் கூடாது."

கண்ணை மூடச் சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் விரலைத் தூக்க முடியாது. யார் தூக்கவில்லை என்பதும் மற்றவர்களுக்குத் தெரியாது. இது டாக்டர் செய்கிற வேலை இல்லை, டாக்டரிடம் அனுப்புகிற வேலை. அதைக்கூட ஒருவர் மானம் போகாமல் செய்ய வேண்டும் என்று நினைத்த மனிதரிடம் நான் வேலை பார்த்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. கண்ணைத் திறந்திருந்தது பாய், நான், மேஸ்திரி, மூன்று பேர்தான். முதல் அடி போனது. இரண்டாவது அடியில் சலங்கை விழுந்தது. ஒரு விரல் எழுந்தது. பிறகு இன்னொன்று, அப்புறம் கடகடவென்று எல்லாம். ஊசி குத்துகிறது என்று அன்றைக்குச் சொன்னவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே தூக்கினான்.

பாஸ்கரின் கை மடியிலேயே இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வரப்போகிற ஒன்றுக்காக அவ்வளவு கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியப் போகிறது, இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார். சலங்கையும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அன்றைக்கு அவர் சொன்னது மேஸ்திரியைக் குளிர்விக்க அல்ல. அவருக்குக் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரியைப் பார்த்தேன். தான் விட்டுக்கொடுத்த இடத்தில் நிற்கிறவனின் அசையாத விரலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த வலி எனக்குத் தெரிந்தது. பாட்டு நின்றது. எல்லோரும் கண்ணைத் திறந்து, ஆளாளுக்குச் சிரித்து, பெட்டி சூப்பர் என்றார்கள். பாஸ்கரும் சிரித்தார்.

மேஸ்திரி எழுந்து வந்து பாஸ்கர் தோள் மேல் கையைப் போட்டார். அவர் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசினார். ராணியம்மா இவரிடம் பேசுகிற மாதிரி.

"பாஸ்கரு, உனக்கு நாளைக்கி லீவுதான? நல்லதாப் போச்சி" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பாய், இவனுக்கும் ஒரு ஜோடி எடுத்து வை. காலைல இவன் ஊட்டுக்குப் போலாம். இந்த வாட்டி நானும் உன்கூட வர்றேன்."